பங்கும் சபையும்: பேராக் தமிழ்க் கிறித்தவரைப் பிணைத்தது எது?

தமிழ்க் கிறித்தவர் வழக்கில் இரு சொற்கள் உண்டு. ஒன்று சபை, மற்றொன்று பங்கு. சீர்திருத்தக் கிறித்தவர் தம் கூட்டத்தைச் சபை என்பர். கத்தோலிக்கர் ஒரு குருவின் பொறுப்பில் அமைந்த வட்டாரத்தையும் அவ்வட்டாரத்து மக்களையும் பங்கு என்பர். அக்குருவைப் பங்குத்தந்தை என்றும் பங்குச் சாமியார் என்றும் அழைப்பர். சபை என்னும் சொல் கூடுதலைச் சுட்டும். பங்கு என்னும் சொல், வட்டாரப் பிரிவைக் குறிக்க எழுந்ததாயினும், பகிர்தல் என்னும் பொருளைத் தன்னிடமிருந்து நீக்கிக்கொள்ள இயலாதது.

கிறித்தவ நம்பிக்கையாளரை ஒரே ஆன்மிகச் சமூகமாகப் பிணைப்பது எது என்னும் வினாவுக்கு விடை இவ்விரு சொற்களிலேயே அடங்கியிருக்கிறது. ஆலயக் கட்டடமா, பிறந்த ஊரா, குலமா, மொழியா, ஒரே திருச்சபைப் பிரிவில் அடங்கியிருத்தலா? இவற்றுள் ஒவ்வொன்றையும் வரலாறு சோதித்துப் பார்த்திருக்கிறது. அச்சோதனை மிகத் தெளிவாக நிகழ்ந்த இடங்களுள் ஒன்று மலேசியாவின் பேராக் மாநிலம். சிறப்பாக, ஈப்போ நகரும் அதனைச் சூழ்ந்து முன்பு பரந்து கிடந்த இரப்பர்த் தோட்டங்களும் ஆகும்.

தொடக்க காலச் சான்று

விவிலியத்தின் திருத்தூதர் பணி நூல், எருசலேமில் கூடிய முதற் கிறித்தவர்கள் நான்கு செயல்களில் நிலைத்திருந்தனர் என்று கூறுகிறது: தூதர்களின் போதனை, கூட்டுறவு, அப்பம் பிட்டுப் பகிர்தல், மன்றாட்டு ஆகியவை அவை. இரண்டாவதாகக் குறிக்கப்பெறும் கூட்டுறவுக்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'கொய்னோனியா'. பொதுவாக உடைமை கொள்ளுதல், ஒன்றில் பங்கு பெறுதல் என்பன அதன் பொருள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் இதனை இடத்திற்கேற்ப அந்நியோந்நியம் என்றும் ஐக்கியம் என்றும் பெயர்த்தனர். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு நட்புறவு என்றது.

இந்நான்கும் செயல்கள் என்பது கருதத்தக்கது. இடத்தின் பெயரோ இனத்தின் பெயரோ இப்பட்டியலில் இல்லை. கி.பி. 54 அளவில் கொரிந்து நகரத்தார்க்குப் பவுல் எழுதிய மடல் இதனை மேலும் விளக்கும். அந்நகரத்துச் செல்வர், உழைத்துக் களைத்து வரும் ஏழையர்க்குக் காத்திராமல், தாம் கொணர்ந்ததைத் தாமே முன்னதாக உண்டுவிட்டனர். அவ்வாறு உண்பது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்று பவுல் கடிந்துரைத்தார். ஒரே கூரையின்கீழ் இருந்தும், ஒரே விசுவாசத்தை அறிக்கையிட்டும், பகிராமையால் அக்கூட்டம் தன் தன்மையை இழந்தது என்பதே அவர் கருத்து.

புறச்சான்றும் உண்டு. கி.பி. 112 அளவில் பித்தினியா நாட்டின் உரோம ஆளுநராயிருந்த பிளினி, பேரரசர் திராயானுக்குக் கிறித்தவரைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். குறித்த நாளில் விடியுமுன் கூடி முறை வைத்துப் பாடுகின்றனர். களவு முதலியன செய்யோம் என உறுதி பூணுகின்றனர். கலைந்து சென்று மீண்டும் கூடி எளிய உணவு உண்கின்றனர் என்பதே அவர் விசாரித்து அறிந்த செய்தி. அக்கூட்டத்தின் பணியாளராக விளங்கிய இருவர் அடிமைப் பெண்கள் என்பதும் அக்கடிதத்தால் தெரியவருகிறது. பகற்பொழுது பிறர்க்கு உரியதாக இருந்த மக்கள், விடியலையும் மாலையையும் தமக்கென வைத்துக்கொண்டு கூடினர். பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் பேராக்கின் தோட்டங்களில் இதே நிலை மீண்டும் தோன்றியது.

தமிழகத்தில் பெற்ற பயிற்சி

அதனைக் காணுமுன், பேராக்குக்குச் சென்ற தமிழர் எத்தகைய பழக்கத்தை உடன்கொண்டு சென்றனர் என்பதை அறிதல் வேண்டும். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமும் மனப்பாடம் செய்து, ஊர் ஊராகக் கற்பித்தார். குருக்கள் மிகச் சிலர், ஊர்களோ பல. எனவே ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தி, மக்களைக் கூட்டி மன்றாட்டு சொல்லுவிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தனர். பின்னர் உபதேசியார் எனப் பெயர் பெற்ற பணிக்கு இதுவே முன்னோடி. 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் இத்தகைய கற்பித்தலுக்கு உதவும் சிறு நூலே ஆகும்.

நல்ல பழக்கத்தோடு நோயும் உடன் வளர்ந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பெற்ற திருக்குடும்ப ஆலயம், பீடத்தினின்று இரு கால்களாகப் பிரிந்து செல்லும் அமைப்புடையது. ஒரு காலில் ஒரு சாதியார், மற்றொன்றில் மற்றவர், இடையே தடுப்பு. பீடத்தில் நின்ற குரு இரு திறத்தாரையும் காண்பார். அவர்கள் ஒருவரையொருவர் காணார். 1910இல் அத்தடுப்பு அகற்றப்பட்டது. அதனை மீண்டும் எழுப்பக் கோரிச் சிலர் நீதிமன்றம் வரை சென்றனர். அவர்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஒரே கட்டடம் ஒரு சமூகத்தை உண்டாக்கிவிடாது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

இந்நோய்க்கு மருந்தும் அம்மண்ணிலேயே இருந்தது. நெல்லைக் கிறித்தவ ஊர்களில் அசனம் என்னும் பொது விருந்து நடைபெறுவதுண்டு. வீடுதோறும் அரிசியும் காய்கறியும் பணமும் திரட்டி, ஆலய வளாகத்திலேயே சமைத்து, செல்வரும் வறியரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பர். கொரிந்து நகரத்தார் தவறவிட்டது எதுவோ அதனையே இவ்விருந்து செய்துகாட்டுகிறது.

தோட்டத்து வாழ்வு

பேராக்கின் வடமேற்கில் உள்ள கிரியான் மாவட்டம், இரப்பர் வருவதற்கு முன்னரே கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் அங்கே கொண்டுவரப்பட்டனர். அம்மாவட்டத்துப் பாகான் செராயில், 1880களில் பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த இரெனே ஃபே அடிகளார் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். புனித சூசையப்பர் பெயரால் அமைந்த அக்குடியிருப்பில் தமிழர் நிலம் பெற்றுப் பயிரிட்டு வாழ்ந்தனர். ஃபே அடிகளார் 1896இல் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார், 1904இல் மறைந்தார். கூலியாக வந்தவரைக் குடியானவராக்கிய அம்முயற்சி, ஓரிடத்தில் வேரூன்றி வாழும் பங்குக்கு எடுத்துக்காட்டு.

ஆயினும் பெரும்பாலோர்க்கு அத்தகைய நிலம் வாய்க்கவில்லை. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டிக் கொணர்ந்தமையால், ஊரும் குலமும் அப்படியே கப்பலேறின. சில தோட்டங்களில் லயங்களே சாதி வரிசைப்படி பிரிந்திருந்தன. கிறித்தவர் அங்கே சிறுபான்மைக்குள் சிறுபான்மையினர். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் மலேசிய இந்தியருள் கிறித்தவர் நூற்றுக்கு ஆறு பேர் அளவே. தோட்டத்தின் பொது நடுவிடம் மாரியம்மன் கோயில்; கிறித்தவர்க்கு வாய்த்தது ஒரு சிறு செபக்கூடமோ, அதுவும் இல்லாதவிடத்து ஒருவர் வீட்டுத் திண்ணையோதான்.

இருள் பிரியுமுன் பெரட்டு எனப்படும் பேரழைப்புக்கு ஆட்கள் நிற்க வேண்டும். வெயில் ஏறுமுன் மரம் வெட்டி, பால் சேர்த்து, நிறுக்கக் கொடுத்துத் திரும்புவர். குருவோ பல தோட்டங்களுக்கும் நகர ஆலயத்துக்கும் ஒருவரே. அவர் வரவு அரியது. திருப்பலியும் திருமணமும் அவர் வரவை எதிர்நோக்கின. நோயும் சாவும் அவ்வாறு காத்திரா. அத்தகைய வேளையில் உபதேசியாரோ, மன்றாட்டு அறிந்த ஒரு மூதாட்டியோ, சாகும் நிலையில் உள்ள குழந்தைக்கு நீர் ஊற்றித் திருமுழுக்கு அளிக்கலாம் என்பது திருச்சபையின் நெடுங்காலச் சட்டம். இறந்தவரைச் செபத்தோடு அடக்கம் செய்வதும் மக்கள் கையிலேயே இருந்தது.

மாலையில் விளக்கேற்றிய பின் கத்தோலிக்கர் செபமாலை சொல்லினர். சீர்திருத்தச் சபையார் வேதம் வாசித்துக் கீர்த்தனை பாடினர். எழுத்தறியாதாரும் மனப்பாடத்தால் அதில் பங்கு கொண்டனர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டுமென்று பணித்தது. அதன் பின்னர் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் பெற்றோர்க்குப் படித்துச் சொல்லவும் இயன்றது. தமிழாசிரியர் பணியும் உபதேசியார் பணியும் இங்கே அண்டை வீட்டாரைப் போல் ஒன்றுக்கொன்று துணையாயின.

இப்பிணைப்பின் வலிமையைப் போர்க்காலம் அளந்து காட்டியது. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் ஆங்கிலேயப் போதகர் பலர் சிறைப்பட்டனர். தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மீளாதவர் மிகப் பலர். அடுத்து வந்தது அவசர காலம். 1948 சூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த அந்நிலை 1960 வரை நீடித்தது. லயங்கள் வேலிக்குள் திரட்டப்பட்டன. ஊரடங்கு நேரத்தில் வெளியே செல்லல் இயலாது. வேலிக்குள் இருந்த ஒரு சிலரே சபையாயினர். ஆலயத்துக்குச் செல்ல முடியாத காலத்தும் சபை இருந்தது என்பதே இதனால் அறியப்படுவது.

பிரிவுகளும் இணைப்பு முயற்சிகளும்

பேராக்கின் தமிழ்க் கிறித்தவர் எல்லாரும் ஒரே திருச்சபையினர் அல்லர். கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் தத்தம் ஆலயங்களை அமைத்தனர். மெதடிஸ்துகள் ஈப்போவில் ஆர்லி போதகர் 1895இல் தொடங்கிய ஆங்கிலோ-சீனப் பள்ளி வாயிலாகக் கல்வித்துறையில் பெயர் பெற்றனர். தரங்கம்பாடி மரபினரான லுத்தரன் தமிழர் 1907 முதல் கோலாலம்பூரில் சபையாகக் கூடினர். தமிழகத்தில் எந்த மறைபரப்புச் சங்கம் எந்தச் சீமையில் பணியாற்றிற்றோ, அதன் எல்லைக்கோடு கடல் கடந்து தோட்டத்து லயத்திலும் விழுந்தது. ஒரே ஊரைச் சேர்ந்த இரு குடும்பங்கள், பூட்டனார் ஞானத்தீட்சை பெற்ற இடம் வேறு என்னும் ஒரே காரணத்தால், வேறு வேறு ஆலயங்களுக்குச் செல்லலாயின.

இது நம்பிக்கையாளர் பலர் மனத்தை உறுத்தியது. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, ஆங்கிலிக்கரும் மெதடிஸ்துகளும் பிறரும் ஒரே ஆயர் ஆட்சியின்கீழ் இணைந்தனர். மலாயாவில் அத்தகைய முழு இணைப்பு நேரவில்லை. சாங்கி சிறையில் ஒன்றாக அடைபட்டிருந்த பல சபைப் போதகர் ஒருவரையொருவர் அறிந்துகொண்டதன் பயனாக, 1948இல் மலாயாக் கிறித்தவ மன்றமும், அதே ஆண்டு சிங்கப்பூரில் பொது இறையியற் கல்லூரியும் தோன்றின. மெதடிஸ்துத் தமிழர் 1968இல் தமக்கெனத் தமிழ் ஆண்டு மாநாட்டை அமைத்துக்கொண்டனர். 1979இல் ஆங்கிலிக்க, மெதடிஸ்து, லுத்தரன் சபைகள் சேர்ந்து மலேசிய இறையியற் கல்லூரியை நிறுவின.

இவையெல்லாம் போற்றத்தக்க முயற்சிகளே. எனினும் ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். மேலிடத்து உடன்படிக்கைகள் எழுதப்படுமுன்னரே, தோட்டத்தில் ஒரு கிறித்தவர் இறந்தால், அண்டை லயத்துக் கிறித்தவர், அவர் எச்சபையினராயினும், பாடை சுமக்க வந்து நின்றனர். பெட்டி செய்ய மரம் தேடியவர்களுள் மாரியம்மன் கோயிலுக்குச் செல்பவரும் இருந்தனர். சபைகளின் ஒற்றுமை துன்பத்தில் பங்கு கொள்வதில் தொடங்கியது. உடன்படிக்கைகள் அதனைப் பின்தொடர்ந்தன.

தோட்டம் போனது, பங்கு?

1950களின் நடுவிலிருந்து பெருந்தோட்டங்கள் பலவற்றைத் துரைமார் கம்பெனிகள் விற்றுவிட்டன. வாங்கியவர் துண்டு துண்டாக்கி மறுவிலைக்கு விற்றனர். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோயின. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரே தோட்டத்தை வாங்க வேண்டுமென்று கூறி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளர் சேர்ந்தனர். பங்கு என்னும் சொல் இங்கே மற்றொரு பொருளோடு அவர்கள் வாழ்வில் நுழைந்தது. சில தோட்டங்கள் காக்கப்பட்டன; பல காக்கப்படவில்லை. எஞ்சியவற்றுள்ளும் இரப்பர் அழிந்து செம்பனை பெருகியது. செம்பனைக்கு ஆட்கள் குறைவாகவே வேண்டியிருந்தது. மக்கள் ஈப்போவின் புந்தோங், சிலிபின் போன்ற பகுதிகளுக்கும், தொலைநகரங்களுக்கும் பெயர்ந்தனர்.

கட்டடமே சமூகத்தைக் காப்பதாயின், செபக்கூடம் இடிந்த அன்றே தோட்டச் சபை அழிந்திருக்க வேண்டும். சிலவிடத்து அவ்வாறே அழிந்தது. அதனை மறைத்தல் வரலாறாகாது. நகரத்துப் பெரிய ஆலயத்தில் பின்வரிசையில் அமர்ந்து, எவராலும் பெயர் சொல்லி அழைக்கப்படாமல் சில காலம் வந்து, பின்னர் வாராதொழிந்தோரும் உண்டு. ஆனால் மாலைச் செபத்தை அடுக்குமாடி வீட்டுக்கும் கொண்டு சென்றவர், அங்கே புதிய அண்டையாரைச் சேர்த்துக்கொண்டனர். சிலிபினில் உள்ள லூர்து மாதா ஆலயமும், ஈப்போவின் புனித பிலோமினா தமிழ்ப்பள்ளியும், சிதறியவர் மீண்டும் ஒருவரையொருவர் காணும் இடங்களாயின.

1976ஆம் ஆண்டு ஆகத்து மாதம் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் தம் பங்குகளை விட்டு நீங்கி, ஒரு மாதம் ஒன்றாய்த் தங்கி, திருச்சபையின் வருங்காலத்தை ஆராய்ந்தனர். அம்மாதம் பங்குகளில் வழிபாட்டை நடத்தும் பொறுப்பு பொதுநிலையினரிடம் விடப்பட்டது. அவ்வாராய்வின் பயனாக, அண்டை வீட்டார் சிறு குழுக்களாகக் கூடி, இறைமொழி வாசித்து, ஒருவர் சுமையை ஒருவர் தாங்கும் அடிப்படைச் சமூகங்களை வளர்ப்பதென முடிவாயிற்று. தமிழகத்தில் இவற்றை அன்பியம் என்பர். நகரத்தார்க்கு இது புதுமையாகத் தோன்றியிருக்கலாம். குருவின்றி ஒரு மாதம் என்ன, பல மாதங்கள் கூடிச் செபித்துப் பழகிய தோட்டத்தார்க்கு இது பாட்டன் காலத்து வழக்கம்.

மொழியின் இடம்

தமிழாசிரியர் மனத்தில் எழக்கூடிய வினா ஒன்று எஞ்சியுள்ளது. இவர்களைப் பிணைத்தது தமிழன்றோ? ஓரளவு ஆம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 திசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட வழிபாட்டு ஆணைக்கு முன், கத்தோலிக்கத் திருப்பலி இலத்தீனில் நிகழ்ந்தது. தோட்டத்துக் கிழவிக்கு அம்மொழியில் ஒரு சொல்லும் விளங்காது. ஆயினும் வீட்டில் அவள் சொன்ன மன்றாட்டு தமிழில் இருந்தது. அழுகையும் நன்றியும் தமிழில் இருந்தன. தாய்மொழி இல்லையேல் அந்த நம்பிக்கை உதட்டளவில் நின்றிருக்கும்.

எனினும் மொழியே அடிப்படை எனின், ஈப்போவின் ஒரே பங்கில் தமிழரும் சீனரும் ஒரே திருவிருந்தில் கலந்துகொள்வது எவ்வாறு? இன்று அங்கே ஆங்கிலம், தமிழ், மாண்டரின், மலாய் என வெவ்வேறு மொழிகளில் வழிபாடு நடைபெறுகிறது. தமிழ்த் திருப்பலிக்கு முதியோரே மிகுதியாக வருகின்றனர் என்னும் கவலை பங்குகளில் கேட்கப்படுகிறது. கவலை நியாயமானது. தமிழ் நீங்கினால் பேரனும் பாட்டியும் ஒன்றாகச் செபிக்கும் வாய்ப்பு நீங்கும். முந்நூறு நானூறு ஆண்டுகளாகச் சேர்ந்த பாட்டும் மன்றாட்டும் கேட்பாரின்றிப் போகும். ஆனால் மொழி, பகிரப்படுவதைச் சுமக்கும் கலம். கலத்தைக் காப்பதோடு அதில் பகிர்வதற்கு ஏதேனும் இருக்கிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும். அண்டை வீட்டில் வேலையிழந்தவரை அறியாத சபை, தூய தமிழில் பாடினும் கொரிந்து நகரத்தார் நிலையிலேயே இருக்கும்.

இவ்வரலாற்றுக்கு ஆவணம் எங்கே என்று தேடுவோர் பேரேடுகளைப் பார்க்கலாம். கத்தோலிக்கப் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேட்டில், குழந்தையின் பெயரோடு பெற்றோர் பெயரும், அவற்றோடு ஞானப்பெற்றோர் பெயரும் எழுதப்படுவது முறை. தோட்டம் மறைந்து செம்பனைக் காடாகிவிட்டது. லயமும் செபக்கூடமும் இருந்த இடம் தெரியவில்லை. அங்கே பிறந்த பிள்ளையின் பெயர் நகரப் பங்கின் பதிவேட்டில் இருக்கிறது. அதனருகில், இப்பிள்ளையின் நல்வாழ்வில் எனக்கும் பங்குண்டு என்று முன்வந்து நின்ற ஒருவர் பெயரும் இருக்கிறது. அவர் உறவினராயிருக்கலாம், அடுத்த லயத்தில் வாழ்ந்த வேற்றூராராகவும் இருக்கலாம். சபை என்றும் பங்கு என்றும் தமிழர் வழங்கிய இரு சொற்களுக்கும் அவ்வரியே உரை.